ஈர்ப்பு அலை வந்த திசையில் ஒளியைத் தேடுவது எப்படி?

கேள்வி: ஈர்ப்பு அலை பதிவானவுடன் அது புறப்பட்ட இடத்தை ரோபோ தொலைநோக்கிகள் தேடுகின்றன என்று படித்தேன். ஆளில்லாமல் எப்படித் தேடுகின்றன? எங்கள் மாடியில் உள்ள எட்டு அங்குலத் தொலைநோக்கியால் அந்த ஒளியைக் காண முடியுமா?
– இரா. செ., ஏற்காடு

பதில்: மிகக் கனமான விண்பொருட்கள் மோதும்போது வெளியில் பரவும் நெளிவுகளே ஈர்ப்பு அலைகள். அவற்றைப் பதிவுசெய்யும் கருவிகள் மோதல் நடந்ததையும் அதன் உத்தேசத் தொலைவையும் சொல்லுமே தவிர, வானில் எந்தப் புள்ளி என்று சொல்ல மாட்டா. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரு விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியபோது, அமெரிக்காவின் இரு லைகோ கருவிகளும் இத்தாலியின் விர்கோவும் சேர்ந்து காட்டிய பகுதியே ஏறத்தாழ 31 சதுர பாகை. அதில் சுமார் 150 முழுநிலவுகள் அடங்கும். இத்தகைய வரைபடம் இணையம் வழியே வந்ததும், ரோபோ தொலைநோக்கியின் கணினி அன்றிரவு வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு, அப்பகுதியைக் கட்டம் கட்டமாகவோ, அத்தொலைவிலுள்ள விண்மீன் திரள்களை மட்டும் பொறுக்கியெடுத்தோ படம்பிடிக்கத் தொடங்கும்.

படம்பிடிப்பது எளிது, சிக்கல் அதன்பின்தான். புதிய படத்திலிருந்து அதே இடத்தின் பழைய படத்தைக் கழித்தால் எஞ்சும் புள்ளிகளில் பெரும்பாலானவை சிறுகோள்களாகவோ, மாறொளி விண்மீன்களாகவோ, தொடர்பில்லாத சூப்பர்நோவாக்களாகவோ (வெடிக்கும் விண்மீன்கள்) இருக்கும். அன்று சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற திரளில் உண்மையான புள்ளியை முதலில் படம்பிடித்தது சிலி நாட்டின் ஒரு மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி. அதை இயக்கியவர்கள் மனிதர்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்து, அதே நாட்டிலுள்ள வெறும் 40 செ.மீ. ஆடி கொண்ட ரோபோ தொலைநோக்கியும் தனியாக அதைக் கண்டுபிடித்தது. அருகிலுள்ள திரள்களை அது நாள்தோறும் படமெடுத்து வந்ததால், ஒப்பிடப் பழைய படம் கைவசம் இருந்தது.

உங்கள் மாடிக்கு வருவோம். மோதல் பதிவானபோது நமக்கு மாலை 6.11 மணி. மூன்று கருவிகளின் தரவையும் சேர்த்த வரைபடம் வெளியானபோது இரவு 11.24 ஆகிவிட்டதால், அத்திரள் அதற்குள் ஏற்காட்டின் மேற்கு அடிவானத்தில் மறைந்திருக்கும். மறுநாள் மாலை முயன்றிருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் மேகமும் தெற்கே சேலம் நகரின் விளக்கொளியும் விட்டிருக்குமா என்பது உங்களுக்கே தெரியும். அவ்வொளியின் உச்சப் பொலிவெண் 17 அளவில், அதாவது வெறுங்கண்ணின் எல்லையைவிட ஏறத்தாழ 25,000 மடங்கு மங்கலாக இருந்தது. எனவே எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்தால் தெரியாது. நல்ல கேமராவைப் பொருத்தி, பல படங்களை எடுத்து ஒன்றுசேர்த்தால் வாய்ப்புண்டு. நீல நிறத்தில் தோன்றிய அது சில நாட்களில் சிவந்து மங்கிவிட்டது.

கேள்வி: இந்தியாவில் இப்படிப்பட்ட ரோபோ தொலைநோக்கி உண்டா?
– ம. க., அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உண்டு. லடாக்கின் ஹான்லேயில் 70 செ.மீ. ஆடியுடன் ‘குரோத் இந்தியா’ இயங்குகிறது. இந்திய வான்இயற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் அமைத்தது. ஆனால் தொலைநோக்கி மட்டும் போதாது. 2019 ஏப்ரல் 25 அன்று பதிவான மோதலின் தேடல் பகுதி 8,000 சதுர பாகைக்கும் அதிகம். உறுதியான ஒளி எதுவும் சிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பு அலைக் கருவியும் மற்றவற்றுடன் சேர்ந்து செயல்பட்டால், இப்பகுதிகள் வெகுவாகச் சுருங்கும்.