மகளுக்கு மான்டெவிடியோவில் வேலை: ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் முன்

அன்புள்ள அம்மா,

நேற்று நீங்கள் போனில் பேசும்போது பின்னால் குக்கர் விசில் விடாமல் அடித்ததில் பாதிப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முக்கியமான கேள்வி கேட்டுவிட்டது. "மாசம் 90,000 பெசோவாம் சார், நம்ம காசுக்கு ரெண்டு லட்சம் கிட்ட வருது. தென் அமெரிக்கான்னாலே சீப்புன்னு என் தம்பி சொல்றான். பிள்ளை பாதியாவது மிச்சம் பிடிப்பாளா?"

பிடிக்க மாட்டாள். அதற்காக வேலையை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். இதை மகளுக்கும் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் தம்பி சொன்னது பொய்யில்லை, ஊர்தான் வேறு. மகள் போகிற மான்டெவிடியோ உருகுவே நாட்டின் தலைநகரம். அவர் பார்த்த வீடியோக்கள் அநேகமாக ஆற்றுக்கு அக்கரையில், அர்ஜென்டினாவில் இருக்கிற புவெனஸ் ஐரிஸ் பற்றியவையாக இருக்கும். 2023-ல் அர்ஜென்டினாவில் ஒரே வருடத்தில் விலைவாசி 211 சதவீதம் ஏறியது. அவர்கள் பெசோ சரிந்துகொண்டே போனதால் கையில் டாலர் வைத்திருந்தவர்கள் பாடு கொண்டாட்டம். அதே வருடம் உருகுவேக்காரர்கள் பாலம் தாண்டிப் போய் அர்ஜென்டினாவில் மளிகை வாங்கி வந்தார்கள். உள்ளூர் விலை அப்படி. உருகுவேயில் அந்த வருடப் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, நாணயமும் ஓரளவு நிலையானது. ஆனால் விலை ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. நாடு முழுக்கச் சேர்த்தே ஏறத்தாழ 35 லட்சம் பேர்தான், சென்னையைவிடக் குறைவு. அவ்வளவு சின்னச் சந்தைக்கு ஷாம்பு முதல் கார் வரை பலதும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதன் மேல் 22 சதவீத விற்பனை வரி. அத்தியாவசியப் பொருளுக்கும் மருந்துக்கும் 10 சதவீதம்.

இப்போது அந்த 90,000. ஆஃபர் கடிதத்தில் இருப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. ஓய்வூதியத்துக்கு 15 சதவீதம், மருத்துவத்துக்கு, கல்யாணம் ஆகாதவள் என்பதால், 4.5 சதவீதம். பிறகு வருமான வரி. எல்லாம் போகக் கைக்கு வருவது 70,000-ஐ ஒட்டி இருக்கும். அந்த 4.5 சதவீதம் வீண் போகாது. அங்கே 'மூத்துவலிஸ்தா' என்கிற சந்தா மருத்துவமனைகளில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டாக்டரைப் பார்க்கவும் மருந்துக்கும் சின்னச் சீட்டுக் கட்டணம்தான்.

அலுவலகம் வரிச்சலுகை மண்டலத்துக்குள் இருந்தால் கணக்கு மாறும். நகரத்துக்கு வெளியே, விமான நிலையம் பக்கம் உள்ள சோனாமெரிக்கா அப்படிப்பட்ட இடம். நம் டி.சி.எஸ். 2002-லேயே மான்டெவிடியோவில் மையம் திறந்துவிட்டது, ஆகவே இந்தியர்கள் அங்கே புதிதில்லை. அந்த மண்டலத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவர் உள்ளூர் சமூகப் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, படிநிலை வரிக்குப் பதில் ஒரே 12 சதவீத வரி கட்டலாம். கைக்கு 79,000 வரும், கேட்க இனிக்கும். ஆனால் மருத்துவப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். கம்பெனி தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருமா என்று எழுத்தில் வாங்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

எனக்கு உண்மையான கவலை சம்பளத்தில் இல்லை, வீட்டு ஜாமீனில். இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இங்கே நாம் அட்வான்ஸ் கொடுத்தால் சாவி வாங்கிவிடுகிறோம். அங்கே வாடகை ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு, அதற்கு 'கராந்தியா' வேண்டும், அதாவது வாடகைக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் சம்பளச் சீட்டைக் காட்டி அரசு மூலமாகவோ காப்பீட்டு நிறுவனம் மூலமாகவோ ஜாமீன் வாங்கிக்கொள்வார்கள். நேற்று இறங்கிய பெண்ணிடம் சம்பளச் சீட்டு ஏது? மிச்சமிருப்பது வைப்புத்தொகை. ஐந்தாறு மாத வாடகையை வங்கியில் கட்டி முடக்க வேண்டும். பொசிடோஸ், கோர்தோன் போன்ற பகுதிகளில் ஒரு படுக்கையறை வீடு 25,000 பெசோ என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 1,50,000, முதல் மாத வாடகை 25,000, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகையும் அதற்கு வரியும் சேர்த்து 30,500. ஆக மொத்தம் 2,05,500 பெசோ. நம் பணத்தில் நாலே கால் லட்சத்துக்கு மேல், முதல் சம்பளம் வருவதற்கு முன்னால்!

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இது தெரியாமல் கிளம்பினான். எனக்கும் அப்போது தெரியாது, தப்பு என் பேரிலும் உண்டு. இரண்டரை மாதம் தினவாடகை அறையில் இருந்தான். கொண்டுபோன சேமிப்பு கரைந்த பிறகுதான் கம்பெனியிடம் வாய் திறந்தான். அவர்கள் ஒரே வாரத்தில் ஜாமீன் கடிதம் கொடுத்தார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

வாடகைக்கு மேல் 'காஸ்தோஸ் கொமுனெஸ்' என்று அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை போகும். அங்கே ஜூலை குளிர்காலம். கடல்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து எலும்புக்குள் இறங்குகிற குளிர். பழைய வீடுகளில் சுவர் குளிரைத் தடுக்காது. ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் முழுக்க அரசு நிறுவனமான ஊத்தேயிடம்தான். அதில் ஒரு கட்டணத் திட்டத்தில் மாலை 5 முதல் இரவு 11 மணிக்குள் நாமே தேர்ந்தெடுக்கும் நாலு மணி நேரம் யூனிட் விலை ஏறும், மற்ற நேரம் குறையும். மகள் காலையில் குளிப்பவள் என்றால் அது லாபம்.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயந்த அளவு பயம் வேண்டாம். மனிதர்களைவிட மாடுகள் மூன்று மடங்கு அதிகம் உள்ள நாடு, நாலு தெரு நடந்தால் மாட்டிறைச்சி சுடுகிற புகை வரும், உண்மைதான். ஆனால் அரிசி அங்கேயே விளைகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. கொண்டைக்கடலை, முழு மைசூர்ப் பருப்பு, பால், தயிர் எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும். பீட்சாவோடு 'ஃபைனா' என்று ஒன்று தருவார்கள். சுத்தக் கடலைமாவு அடை, முட்டைகூடக் கிடையாது. காய்கறியைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்க வேண்டாம், பேட்டைக்குப் பேட்டை வாரம் ஒருநாள் 'ஃபெரியா' என்று தெருச்சந்தை கூடும். புளி, துவரம்பருப்பு, பெருங்காயத்தை இங்கிருந்தே பாக்கெட்டாகக் கொடுத்துவிடுங்கள். கறிவேப்பிலைக் கன்று மட்டும் வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். மின்னழுத்தம் ஏறத்தாழ நம்மைப் போலத்தான், 220 வோல்ட், மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

பஸ்ஸுக்கு ஒரே அட்டை, கார் நினைப்பே வேண்டாம். பெட்ரோல் விலையும் கார் விலையும் அங்கே சம்பளக்காரர்களையே நடக்க வைத்துவிடும்.

இதையெல்லாம் கழித்தால், தனி வீடு எடுத்தால் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் பெசோ மிஞ்சும். இன்னொரு பெண்ணோடு வீட்டைப் பகிர்ந்தால் இருபதாயிரத்தைத் தாண்டலாம். நான் என் சொந்த மகளென்றால் முதல் வருடம் பகிரத்தான் சொல்வேன். ஜூனிலும் டிசம்பரிலும் 'அகினால்தோ' என்று அரை அரை மாதச் சம்பளம் கூடுதலாக வரும், சட்டப்படியான உரிமை அது. அதை மாதக் கணக்கில் சேர்க்காமல் ஊருக்கு வரும் டிக்கெட்டுக்கு ஒதுக்கட்டும். நேரடி விமானம் கிடையாது.

பணத்துக்காக மட்டும் என்றால் இதே தொகைக்கு வேறு ஊர்கள் இருக்கின்றன. நான் போகச் சொல்வதற்குக் காரணம் ஸ்பானிஷ். இரண்டு வருடம் அந்த மொழியில் வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய ஒரு சாப்ட்வேர் பெண்ணுக்கு மாட்ரிட்டிலிருந்து மெக்ஸிகோ வரை வாசல் திறக்கும். அலுவலகத்தில் இந்தியர்களோடு மட்டும் இருந்து ஆங்கிலத்திலேயே சமாளித்துவிட்டு வந்தால் அந்த லாபம் இல்லை. கிளம்ப மூன்று மாதம் இருக்கிறதென்றீர்களே, இன்றைக்கே ஆன்லைனில் சேரட்டும்.

பிறப்புச் சான்றிதழையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் முத்திரை) எடுத்து வையுங்கள், தங்கும் அனுமதிக்கு அவை தேவை.

அடுத்து, மகள் கம்பெனி எச்.ஆர்.-க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கராந்தியா யார் தருகிறார்கள், முதல் மாதம் தங்க இடம் உண்டா, பணியிடம் வரிச்சலுகை மண்டலத்திலா, அப்படியானால் மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, கம்பெனி பஸ் எந்தப் பகுதி வரை வருகிறது. கேட்டால் வேலை போய்விடுமோ என்று நீங்கள் பதறுவீர்கள். போகாது. பதில் வந்ததும் ஒப்பந்தத்தோடு சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை நகையை அடகு வைப்பது பற்றிப் பேசியதை நிறுத்தி வையுங்கள்.