மேல்கம்பி ஏன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்டிமேட், ஷெட்யூல் எல்லாம் நன்றாகவே வருகிறது. போன கோடையில் இன்டர்ன்ஷிப் போன சைட்டில், தூண் வரும் இடத்தில் மட்டும் ஸ்லாபில் மேல்கம்பி ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டேன். “டிராயிங்கில் அப்படித்தான் இருக்கிறது” என்றார்கள். அன்றிலிருந்து சிவில் இன்ஜினியரிங்குக்கு மாறிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. இரண்டு வருடம் வீண் என்கிறார் அப்பா. மாறலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தக் கம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு தூண்களுக்கு நடுவில் ஸ்லாப் தொய்யப் பார்க்கும். அங்கே இழுபடுவது அடிப்பக்கம். தூணுக்கு மேலே அதே ஸ்லாப் முதுகு புடைத்து வளையும். அங்கே இழுபடுவது மேற்பக்கம். கான்கிரீட் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரியும். எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பி. இதைப் படித்ததும் இன்னும் நாலு கேள்வி கிளம்பினால் மாறுங்கள். மனம் அதோடு அடங்கிவிட்டால் இப்போதைய படிப்பிலேயே இருங்கள். அது குறைந்த படிப்பு இல்லை.

1981 ஜூலையில் கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜன்சி ஓட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி நாலாம் மாடிப் பாதையையும் அதற்குக் கீழே இரண்டாம் மாடிப் பாதையையும் தாங்கியது. அவ்வளவு நீளக் கம்பியில் மரை போடுவது சிரமம் என்று அதை இரண்டு துண்டாக்கினார்கள். கீழ்ப்பாதை மேல்பாதையின் உத்திரத்திலிருந்து தொங்கியது. அந்த உத்திரத்தின் அடியில் இருந்த நட்டுக்கு வந்த சுமை இரண்டு மடங்கு. மரை போடுவதில் உள்ள சிரமம் உங்களுக்கு இப்போதே தெரியும். நட்டுக்கு எவ்வளவு சுமை வரும் என்ற கணக்குதான் பாக்கி. இரண்டும் ஒரே ஆளின் தலையில் இருப்பது பெரிய விஷயம். அதனால்தான் அந்த இரண்டு வருடத்தை என்னால் வீண் என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் அப்பாவின் கவலையில் பாதி நியாயம். ஆங்கிலம், வரலாறு கிரெடிட்கள் கூடவே வரும். எஸ்டிமேட் பாடங்கள் பெரும்பாலும் வராது. பிசினஸ் கால்குலஸ் எடுத்திருந்தால் அதுவும் உதவாது. கால்குலஸ், அப்புறம் ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருளின் மேல் வரும் விசைகளின் கணக்கு), அதன் பின் மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், கடைசியில் கான்கிரீட் டிசைன். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வரிசையைச் சுருக்க முடியாது. இன்னும் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியரிங், தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் ஏபெட் (ABET) அமைப்பின் அங்கீகாரம் கட்டுமானப் படிப்புகளுக்கும் உண்டு; நீங்கள் சேரும் பட்டத்துக்கு அதன் இன்ஜினியரிங் கமிஷன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பிஇ (PE, புரொஃபஷனல் இன்ஜினியர்) உரிமம் வாங்கும்போது அது முக்கியம். எஃப்-1 மாணவர் விசா என்றால், மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றும்போதே கல்லூரி தரும் ஐ-20 என்ற விசா ஆவணத்தைத் திருத்தச் சொல்லி சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போதே மேஜரை மாற்ற வேண்டாம். அடுத்த செமஸ்டரில் இன்ஜினியரிங் மாணவர்கள் படிக்கும் கால்குலஸையும், கால்குலஸ் வழி இயற்பியலையும் எடுங்கள். அப்பாவிடமும் அந்த ஒரு செமஸ்டரை மட்டும் கேளுங்கள். தாண்டிவிட்டால் ஸ்டாட்டிக்ஸ் வரும். முதல் ட்ரஸ் (முக்கோணங்களாகக் கோத்த சட்டகம்) கணக்கைப் போட்டதும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கே.