ஊழியர்கள் புது யோசனை சொல்வதே இல்லை, பரிசுத் தொகையைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டிப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஆகாது.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். யோசனைப் பெட்டியின் சாவி என்னிடம். முதல் மாதம் நாற்பது சீட்டு விழுந்தது. அவற்றைப் படிக்க வேண்டிய கமிட்டியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். நான்காவது மாதம் பரிசை இரட்டிப்பாக்கினோம். பெட்டியில் கிடந்தது இரண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு பாக்குப் பொட்டலமும்.

டிரில்லிங் மெஷினில் இருந்த ஒரு அண்ணனிடம் போய், ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். "கோயில் உண்டியலயாவது அப்பப்ப தொறந்து எண்ணறாங்க சார். உங்க பெட்டிய யாருங்க தொறக்கறது?" என்றார். முதல் மாதமே எழுதிப் போட்டவர் அவர். துளையிட்ட பீஸை ஒவ்வொரு தடவையும் குனிந்து கீழே இருக்கும் டப்பாவில் போடுகிறேன், சரிவாக ஒரு தகரம் வைத்தால் தானே வழுக்கிப் போய் விழும் என்று. அவ்வளவுதான் கேட்டது.

அன்றே டூல் ரூமில் கழிவுத் தகட்டை வளைத்து மாட்டிக் கொடுத்தோம். அரை நாள் வேலை. பெட்டியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்தோம். யார் எதைச் சொன்னாலும் ஏழு நாளுக்குள் பலகையில் பதில் எழுத வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும். ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும் வேலைக்கு சூப்பர்வைசரே ஓகே சொல்லலாம். வந்தவற்றில் பாதி கேன்டீன் சாம்பாரைப் பற்றித்தான். அதற்கும் பதில் எழுதினோம். சாம்பாருக்கே பதில் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. டொயோட்டாவின் எய்ஜி டொயோடா 1950-இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலைக்குப் போனபோது அங்கிருந்த யோசனைத் திட்டத்தைப் பார்த்தார். 1951-இல் தன் நிறுவனத்தில் தொடங்கினார். இன்று 'கைசன்' (தொடர்ந்து சிறிது சிறிதாக மேம்படுத்துவது) என்று நாம் பயிற்சி வகுப்பில் கேட்பதில் பெரும்பங்கு இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயம்தான்.

ஆனால் ஏழு நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் சரியாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. 1974-இல் அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டு நழுவி விழுகிறதே என்ற கடுப்பில் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்த போஸ்ட்-இட், அதாவது ஒட்டிப் பிரிக்கும் குறிப்புச் சீட்டு, அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-இல். பன்னிரண்டு வருடம்! வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே 1948 முதல் இருந்ததால் தாங்கியது. லைன் ஓடும் ஷிப்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? டிசைன் பிரிவில் இரண்டு பேருக்காவது அந்த நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பழைய சீட்டை எடுங்கள். எழுதியவர் இன்னும் வேலையில் இருந்தால், நாளைக்கு அவருடைய மெஷினுக்கே போய்ப் பேசுங்கள்.