புது கேரவனில் மின்கோளாறு: வயரிங்கைத் தொடாதீர்கள்

கோவையைச் சேர்ந்த, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் ஒன்பது பக்கங்களில் தம் வருத்தத்தை எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான். மூட்டுவலியால் அவதிப்படும் மனைவியை விடுதி விடுதியாக ஏற்றி இறக்காமல் கோயில்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்காக, 36 லட்சம் ரூபாய் கொடுத்து, வேன்களுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றிலிருந்து புது கேரவன் வாங்கினார். வண்டி கைக்கு வந்து 13 மாதங்கள் ஆகின்றன. இரவில் ஏ.சி. இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. மின் அடுப்பை வைத்தால் இன்வெர்ட்டர் அலறி அணைகிறது. வெளியிலிருந்து மின்சாரம் எடுக்க வயரைச் செருகினால், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிடுகிறது. ஐந்து முறை பட்டறைக்குக் கொண்டுபோயும் தீரவில்லை. கடைசியாகக் கும்பகோணத்தில் ஒரு மண்டபத்து வாசலில் நடு இரவில் தவித்தபோது, உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆர்.சி.சி.பி.யை விலக்கி நேரடியாக இணைத்தார்; பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இருந்த 150 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 250 ஆம்பியர் ஃபியூஸ் போட்டார். பட்டறைக்காரர், பாதிச் செலவை ஏற்றால் பெரிய பேட்டரி மாற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் சொல்ல, வாசகர் கோபத்தில் மறுத்துவிட்டார். முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 10 லட்சமும் வாங்கித் தர முடியுமா என்று கேட்கிறார்.

ஐயா, பட்டறை மேலாளர் உங்களை நிற்க வைத்துப் பேசியது, தொலைபேசியை எடுக்காதது, யாத்திரை பாதியில் நின்றது ஆகியவற்றுக்காக நீங்கள் பட்ட வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் அவை இழப்பீட்டுத் தொகையில் சில ஆயிரங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமே தவிர, வழக்கின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிக்கப் போகும் கேள்வி ஒன்றுதான்: வண்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளில் இருந்த மின்னமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறதா? உங்கள் கடிதத்தின் ஏழாவது பக்கத்தில், வேறு எதையோ விவரிக்கும்போது இடையில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போகும் கும்பகோணத்துச் சம்பவம்தான், எதிர்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே கையில் எடுக்கும் ஆயுதம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபியூஸ் பிடிப்பானின் ஒரு பக்கம் பழுப்பேறி இளகியிருக்கிறது; அதிலிருந்து போகும் சிவப்பு வயரின் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. அந்தப் பழுப்பு, வயரை முறையாக முறுக்கிப் பொருத்தாத பட்டறையின் தவறால் முதலிலிருந்தே வந்ததா, பெரிய ஃபியூஸ் போட்ட பிறகு அதிக மின்னோட்டம் பாய்ந்ததால் வந்ததா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் உங்களுக்கு ஆபத்து. ஏனெனில் குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு முறையீட்டாளராகிய உங்களுடையது.

இந்தப் பள்ளத்தில் கட்சிக்காரர்கள் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடமாடும் பல் மருத்துவ வண்டி ஒன்றின் உரிமையாளருக்காக நான் ஆஜரான வழக்கில், நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரும் மின்பொறியாளரும் வண்டியைப் பார்வையிட வருவதற்கு ஒரு வாரம் முன்பு, வருபவர்களுக்குப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், அவர் தம் ஓட்டுநரை வைத்துத் தளர்ந்த இணைப்புகளையெல்லாம் இறுக்கி, வயர்களை வரிசையாகக் கட்டி வைத்துவிட்டார். தற்போதைய வயரிங் ஒப்படைக்கப்பட்டபோது இருந்த நிலையில் இல்லை என்றும், கோளாறின் மூலகாரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்றும் அறிக்கை வந்தது. அதன் பிறகு அந்த வழக்கில் வாதிட எதுவும் மிஞ்சவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை.

ஆகவே இன்றிலிருந்து வண்டியில் எதையும் கழற்றாதீர்கள், மாற்றாதீர்கள். மல்டிமீட்டரை வைத்து நீங்களே தேடுவதையும் நிறுத்திவிடுங்கள். கும்பகோணத்தில் எடுத்த பழைய ஃபியூஸ் இன்னும் கருவிப் பெட்டியில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஓர் உறையில் இட்டு, தேதி எழுதி, தனியே வையுங்கள். அந்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்து, எந்த வயரை எங்கே கழற்றினார், எங்கே இணைத்தார், எதைத் தொடவில்லை என்பதை உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். நோட்டீஸிலும் முறையீட்டிலும் இந்த மாற்றத்தை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். தாமே சொன்ன மாற்றத்தை ஆணையம் நள்ளிரவு நெருக்கடியாகப் பார்க்கும். மறைத்து வைத்து, எதிர்தரப்பு கண்டுபிடித்துக் காட்டிய மாற்றத்தை மோசடியாகப் பார்க்கும்.

சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வண்டியை இனி எந்த வெளி மின் இணைப்பிலும் செருகாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி ஒவ்வொரு முறையும் விழுந்தது என்றால், எங்கோ மின்சாரம் கசிந்துகொண்டிருந்திருக்கலாம். அந்தக் காவலை விலக்கிவிட்டால், ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் இரும்புக் கூண்டு முழுவதும் மின்னேறி நிற்கக்கூடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பற்றி ஏறுபவர் உங்கள் மனைவியாகத்தான் இருப்பார்.

தீப்பிடித்தால் காப்பீடு இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் முழுமையாகச் சரியில்லை. வாகனக் காப்பீட்டில் மின் பழுது விலக்கப்பட்ட இனம். கோளாறுக்கு எதுவும் வராது. தீ விபத்துக்கு வரும் என்றாலும், உற்பத்தியாளர் விலையில் சேராத மின்கருவிகளைத் தனியே மதிப்புக் காட்டி, ஐ.எம்.டி.-24 என்ற இணைப்பின்கீழ் சேர்த்திருக்கிறார்களா என்று உங்கள் பாலிசியைப் பாருங்கள். அப்படியே சேர்த்திருந்தாலும், 150 இருக்க வேண்டிய இடத்தில் 250 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் தம் அறிக்கையில் எழுதாமல் விடமாட்டார்.

இனி உங்கள் கையில் உள்ள பலத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாக் கோளாறுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அவை இரண்டாகப் பிரிகின்றன. மின்கசிவும் ஃபியூஸும் கைபட்டுவிட்டவை. ஆனால் ஏ.சி. நின்றுபோவதற்கு யாரும் வண்டியைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. விலைப்பட்டியலில் 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி என்று இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 2,560 வாட்-மணி, அதாவது இரண்டரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால், இரண்டு மணி நேரத்தில் அது நிற்பது கணக்குப்படி நடக்க வேண்டியதுதான். ஆனால் விற்பதற்கு முன் அதே பட்டறை உங்களுக்கு அனுப்பிய செய்தி, “நைட் ஃபுல்லா ஏ.சி. ஓடும் சார், கவலையே வேண்டாம்” என்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10), ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் மட்டுமன்றி, விற்பவர் எந்த வகையில் உண்டு என்று சொன்ன தரமாக இருந்தாலும் அதில் உள்ள குறையைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு வரிச் செய்திதான். கைபேசியை மாற்றிவிடாதீர்கள், அச்செடுத்த படியோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள்.

பழுதுக்கு விட்டபோது பட்டறை எழுதித் தந்த ஐந்து ஜாப் கார்டுகளில் நான்கு உங்களுக்குச் சாதகமானவை. புகார் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. ஐந்தாவதில் “பழுது நீக்கப்பட்டு, வாடிக்கையாளர் திருப்தியுடன் பெற்றுக்கொண்டார்” என்ற அச்சிட்ட வரியின்கீழ் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். அதற்கு மறு வாரமே கோளாறு திரும்பியதைக் காட்டும் மின்னஞ்சல் இருப்பதால் தப்பித்தீர்கள். இனி எந்தத் தாளிலும் “சோதித்துப் பார்க்கும் உரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்” என்று கைப்பட எழுதாமல் கையெழுத்திட வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டீசல் செலவுக்காவது ஆகட்டும் என்று, வண்டியை இரண்டு முறை தெரிந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மகன் அதைச் சமூக ஊடகத்தில் விளம்பரமும் செய்திருக்கிறார். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்லர். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதை 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கின் எதிர்தரப்பே உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்தான். ஓய்வூதியம் வாங்கும் நீங்கள் அந்த விலக்கைக் கேட்க முடியாது. குடும்பப் பயன்பாட்டுக்காக வாங்கியதே முதன்மை நோக்கம் என்றுதான் நிலைநாட்ட வேண்டும். வாடகைக்கு விடுவதை இன்றே நிறுத்துங்கள். விளம்பரத்தை அழிப்பது பயன் தராது. எதிர்தரப்பு ஏற்கெனவே படியெடுத்து வைத்திருக்கும் என்றே கொள்ளுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

முழு 36 லட்சமும் கிடைக்குமா என்ற கேள்விக்கு, கிடைக்காது என்ற நம்பிக்கையோடு திட்டமிடுங்கள் என்பதே என் பதில். கிளட்ச் கோளாறு பற்றிய மாருதி உத்யோக் வழக்கில், உத்தரவாதம் சொல்வது பழுதுபார்ப்பதையும் பாகத்தை மாற்றுவதையும்தான், அதற்காக முழு வாகனத்தையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வண்டியின் இன்ஜினும் கூண்டும் நன்றாக ஓடுகின்றன. பேட்டரி, இன்வெர்ட்டர், வயரிங் மூன்றையும் மாற்றினால் தீரும் கோளாறுக்கு முழு விலையையும் கேட்டால், முறையீட்டின் நம்பகத்தன்மையே குறையும். அத்துடன், சோதனை தேவைப்படும் முறையீட்டை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஆண்டுகள் ஆகும். பிறகு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. அதுவரை வண்டி சாட்சிப் பொருளாகத் தொடப்படாமல் நிற்க வேண்டும். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தே கெடும்.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். கோபத்தில் நீங்கள் தட்டிவிட்ட அந்தப் பாதிச் செலவு யோசனைதான் இதுவரை உங்களுக்குக் கிடைத்ததிலேயே பயனுள்ள கடிதப் போக்குவரத்து. “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்ற வாசகத்தோடு அதற்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். முழுச் செலவையும் பட்டறையே ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். ஃபியூஸை மாற்றியது உங்கள் பக்கத் தவறு என்பதால், கால் பங்கு வரை இறங்கி வருவதில் இழுக்கில்லை. பட்டறைக்காரர் பேட்டரி நிறுவனத்தைக் கைகாட்டுவார். அந்த நிறுவனமோ, பொருத்திய விதம் சரியில்லை என்று பட்டறையைக் கைகாட்டும். விற்பனை ஒப்பந்தம் பட்டறையோடு என்பதால் அந்தச் சண்டை உங்களுடையதல்ல. வழக்கு வரை போனால் பேட்டரி, இன்வெர்ட்டர் நிறுவனங்களையும் எதிர்தரப்பினராகச் சேர்க்கலாம். வண்டியின் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் செய்த சேசிஸ் நிறுவனத்தைச் சேர்க்க வேண்டாம். அவர்கள்மேல் குற்றமில்லாதபோது, பெரிய வழக்கறிஞர்களை நீங்களே வரவழைத்து வழக்கை நீட்டுவதாகிவிடும்.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்ற நினைப்பில் கெடுவைத் தவறவிடுவதையும் பார்த்திருக்கிறேன். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். கடிதங்களும் நோட்டீஸும் அதை நீட்டிக்காது. ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணுங்கள். உங்களுக்கு 11 மாதங்கள் இருக்கின்றன. மூன்று மாதங்களில் சமரசம் முடியாவிட்டால், கோவை மாவட்ட ஆணையத்தில் முறையீட்டோடு, வழக்கறிஞர் ஆணையரையும் மின்பொறியாளரையும் நியமிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

சமரசம் படிந்தால் அதை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பட்டறை மீறினால் அந்தத் தாளை வைத்து மறுபடி முதலிலிருந்து வழக்குப் போட வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத் தீர்வாகப் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. முறையீடு தாக்கலான பிறகு சமரசமானால், ஆணையத்திலேயே பதிவு செய்து உத்தரவு பெறலாம். எந்த வழியானாலும், சமரச வாசகத்தில் புதிய பேட்டரியின் கொள்ளளவு எண்ணில் இருக்க வேண்டும். வயர்களின் தடிமனைக் குறிக்கும் வரைபடம், ஆர்.சி.சி.பி.யும் எர்த் இணைப்பும் மீண்டும் பொருத்தப்படுதல், வேலை முடிக்க வேண்டிய தேதி, புதிதாக இரண்டு ஆண்டு உத்தரவாதம் ஆகியவையும் இருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப வாங்கும் முன் இரு தரப்பும் ஏற்ற மின்பொறியாளர் ஒருவர் முன்னிலையில், வெளி இணைப்பு இல்லாமல், பேட்டரியிலேயே எட்டு மணி நேரம் ஏ.சி.யை ஓட்டிப் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து ஆகும் வரை, கழற்றிய பழைய பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஃபியூஸ் பிடிப்பானும் பட்டறையில் அல்ல, உங்கள் வீட்டில் இருக்கட்டும்.