நரம்பு கிடைக்காத காலை

அன்புள்ள ஐயா,

டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டிப்ளமோ) முடித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு தனியார் லேபில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. லேப் அசிஸ்டென்ட் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். காலை ஆறரையிலிருந்து பத்து வரை ரத்தம் எடுப்பேன். அப்புறம் ட்யூப் பிரிப்பது, யூரின் டப்பா அடுக்குவது, ரிஜிஸ்டர் எழுதுவது, சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கவரில் போடுவது எல்லாம் நான்தான். சம்பளம் இன்னும் பத்தாயிரத்தைத் தொடவில்லை.

போன வாரம் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை பார்க்க. இரண்டு கையிலும் குத்தினேன், நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை குத்தியதும் அந்த இடம் வீங்கி நீலமாகிவிட்டது. கூட வந்த மகன், "படிச்சிட்டு வந்தியா, இல்ல எங்கம்மா கையிலதான் படிக்கிறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். பாட்டி மட்டும் "விடுறா, புள்ள பயந்துடுச்சு" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று முடித்துவிடுகிறார். ரத்தம் உறிஞ்சுகிற வேலை என்று தம்பி கிண்டல் செய்கிறான். நீங்களும் கொஞ்ச காலம் லேபில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். கை எப்போது பழகும்? இந்த வேலைக்கு என்று ஒரு மதிப்பு உண்டா? விட்டுவிடலாமா?

ம.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

மூன்றாவது தடவை குத்தியிருக்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இரண்டு முறை முயற்சி செய்யலாம், அதற்கு மேல் ஊசியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் பொது வழக்கம். காலை நேரத்தில் உங்கள் லேபில் இன்னொரு ஆள் இல்லை என்றால் அது லேபின் கோளாறு. அந்த மகனிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டியவர் முதலாளி.

நான் லேபில் இருந்தது இரண்டே வருடம், கும்பகோணத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஹீமோகுளோபின் பார்க்க, சிறிய கண்ணாடிக் குழாயில் அமிலமும் ரத்தமும் கலந்து, அந்தப் பழுப்பு நிறத்தைப் பக்கத்தில் இருக்கும் பட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே அளந்த காலம். அதற்கான ரத்தத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சித்தான் ஏற்றுவோம். உங்கள் தம்பி கிண்டலுக்குச் சொல்வதை நாங்கள் நிஜமாகவே செய்தோம். இன்றைக்கு நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சரி, பாட்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. அவர் தண்ணீர் குடித்திருந்தாரா? "வெறும் வயித்துல வாங்க" என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். அதைக் கேட்டுக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். மீதிப் பேர் "ஒண்ணும் சாப்பிடலை, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ மட்டும்தான்" என்பார்கள். சர்க்கரை போட்டதா என்று கேட்டால் நம்மை விநோதமாகப் பார்ப்பார்கள். டீக்காரர்களை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். தண்ணீர்கூடக் குடிக்காத பாட்டிகளைத்தான் நாம் குத்திக் குத்தி வதைக்கிறோம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் நரம்பு தட்டையாகிவிடும். வெறும் வயிறு என்றாலும் தண்ணீர் குடிக்கலாம் என்று முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். குடிக்காமல் வந்துவிட்டால் ஒரு டம்ளர் கொடுத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, கால் மணி நேரம் உட்கார வையுங்கள். வெதுவெதுப்பான துணியை முழங்கை மடிப்பில் வைத்தால் இன்னும் நல்லது.

நரம்பு என்று சொல்கிறோமே, பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் சிரை. உண்மையான நரம்பு வேறு. ஆனால் எந்த லேபிலும் "சிரை கிடைக்கல" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நம் பக்கத்தில் சிரை என்றால் சவரக் கத்தியைத்தான் தேடுவார்கள். ஆகவே நரம்பு என்றே வைத்துக்கொள்வோம். வயதானவர்களின் நரம்பு தோலுக்கு அடியில் பச்சையாக, எடுப்பாகத் தெரியும். கண்ணை நம்பிக் குத்தினால் நழுவி ஓடிவிடும். அதைச் சுற்றியிருக்கிற சதை கரைந்துபோய், பிடிப்பு இல்லாமல் கிடப்பதுதான் காரணம். குத்தும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நரம்பைவிட, விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கித் துள்ளி எழுகிற நரம்பை நம்புங்கள். முழங்கை மடிப்பின் நடுவில் இருப்பது முதல் தேர்வு, வெளிப்பக்கத்தில் இருப்பது இரண்டாவது. உள்பக்கத்து நரம்பைக் கடைசிக்கு வையுங்கள், அதன் பக்கத்திலேயே தமனியும் அந்த உண்மையான நரம்பும் ஓடுகின்றன.

ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. தேடுவதற்கே அதைத் தாண்டிவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். ஊசியை வெளியே எடுப்பதற்கு முன் பட்டையை அவிழ்த்தாக வேண்டும். பாட்டியின் கை வீங்கியதற்கு ஊசி நரம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போனது காரணமாக இருக்கலாம், பட்டை இருக்கும்போதே ஊசியை உருவியதும் காரணமாக இருக்கலாம். அப்புறம், பஞ்சை வைத்து கையை மடக்கச் சொல்வது எல்லா லேபிலும் இருக்கிற பழக்கம். மடக்காமல் நீட்டி வைத்து அழுத்துவதுதான் சரி.

இதெல்லாம் பழகிவிடும். கை பழகுவது பெரிய விஷயமே இல்லை. ஊர் இந்த வேலையைக் குத்துகிற வேலை என்று நினைக்கிறது, நீங்களும் அப்படியே நினைக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது அதுதான்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். கை நன்றாக ஓடியது, ஒரே குத்தில் எடுத்துவிடுவேன், கொஞ்சம் திமிரும் வந்திருந்தது. ஒருநாள் காலை பெஞ்சு நிறைய ஆட்கள். சீட்டைப் பார்த்து "சாரங்கபாணி!" என்று கூப்பிட்டேன். ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "நீங்கதானே சாரங்கபாணி?" என்றேன். "ஆமாம்" என்றார். எடுத்தேன். அவருக்கு எழுதியிருந்தது ஹீமோகுளோபினும் சர்க்கரையும். நான் கையில் வைத்திருந்தது சர்க்கரை மட்டும் எழுதிய சீட்டு. பெஞ்சின் மறுகோடியில் காது மந்தமாக இன்னொரு சாரங்கபாணி உட்கார்ந்திருந்தார். அந்தச் சர்க்கரைச் சீட்டு அவருடையது. இவரிடம் எடுத்ததை அவர் பெயரிலும், அப்புறம் அவரிடம் எடுத்ததை இவர் பெயரிலும் எழுதிவிட்டேன். சந்தேகத்தின் பேரில் இவருக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்ததால், மற்றவரின் அளவு இவர் ரிப்போர்ட்டில் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதினார். நாலாம் நாள் வரப்பில் நடக்கும்போது வேர்த்து ஊற்றி உட்கார்ந்துவிட்டாராம். இல்லாத சர்க்கரையை மாத்திரை இறக்கினால் வேறு என்ன ஆகும்? யாரோ கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார்.

எங்கள் சீனியர் டெக்னீசியன் என்னைத் திட்டவில்லை. அந்த மாதத்து ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்துப் பெயர்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். சாரங்கபாணி மட்டும் பதினொன்று இருந்தது.

நம் டெல்டாவில் ஊருக்கு ஒரு சாமி, அந்தச் சாமியின் பெயரில் பாதி ஊர். மன்னார்குடியில் ராஜகோபால் என்று கூப்பிட்டால் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிக்கல் பக்கம் சிங்காரவேலு, வேளாங்கண்ணி பக்கம் ஆரோக்கியசாமி, நாகூரில் மீரான். அதனால் "நீங்கதானே ராஜகோபால்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அரைத்தூக்கத்தில், பசியில், பயத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். "உங்க பேரு என்ன? அப்பா பேரு? வயசு?" என்று அவரையே சொல்ல வையுங்கள். ட்யூபில் முன்கூட்டியே பெயர் எழுதி அடுக்கி வைப்பது வேகத்துக்கு உதவும், ஆளை மாற்றிவிடவும் உதவும். எடுத்த பிறகு, அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், அவர் கண் முன்னால் எழுதுங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் வரும் தவறுகளில் பெரும்பகுதி, ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பல லட்ச ரூபாய் மெஷின் வாங்கிப் போடும் முதலாளிகளுக்கு இது உறைப்பதில்லை. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்ப்பது ஒரு பொட்டாசியம் உப்பு. சிவப்பு மூடிக்கு ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறும், கால்சியம் விழும். நல்லா நடந்து வந்த மனிதரை டாக்டர் இதய நோயாளியாகப் பார்ப்பார். நீல மூடி முதலில், அப்புறம் சிவப்பு, ஊதா, கடைசியில் சாம்பல் என்று வரிசை சொல்லிக் கொடுத்திருப்பார்களே, அது இதற்காகத்தான். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ஏன்? எடுத்த ரத்தம் செத்துப்போவதில்லை, அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதை மட்டுப்படுத்தும் மருந்து சாம்பல் மூடி ட்யூபில் இருக்கிறது. சாதாரண ட்யூபில் அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வேதாரண்யத்தில் காலை ஏழு மணிக்குச் சாதாரண ட்யூபில் எடுத்து, தஞ்சாவூர் லேபுக்குப் பஸ்ஸில் போட்டு, பத்தரைக்குப் பிரித்தால் எல்லாச் சர்க்கரை நோயாளியும் பத்தியம் காத்தவராகத் தெரிவார். மெஷின் பொய் சொல்வதில்லை, தனக்குக் கொடுத்ததைச் சொல்கிறது.

நேரமும் உங்கள் கையில்தான். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் யானைக்கால் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். கும்பகோணம் வட்டாரம் அந்த நோய்க்கு அப்போது பேர் போனது. தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு இழுப்பார்கள். பெரியவர்கள் திட்டித் தீர்ப்பார்கள், "பகல்ல வந்தா என்ன கேடு?" என்று. யானைக்காலைத் தருகிற புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்திருந்தால் ஊரில் நோயே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். டார்ச்சோடு திட்டு வாங்கிக்கொண்டு நடந்தார்களே, அந்தச் சோதனையில் பாதி அந்த நடைதான். அவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை, அந்த ஸ்பிரிட் வாசனை மட்டும் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. மஞ்சள் காமாலை பி-க்கான (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? மூன்று ஊசி: முதலாவது இன்றே, அடுத்தது ஒரு மாதத்தில், கடைசி ஆறாவது மாதத்தில். எல்லாரும் எய்ட்ஸுக்குப் பயப்படுகிறார்கள். அந்தக் கிருமியுள்ளவருக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்குக் காமாலை பி தொற்றுவது நூற்றில் முப்பது வரை போகும். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், நேரே வெள்ளை டப்பாவுக்குள் போகட்டும். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எய்ட்ஸைத் தடுக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

விட்டுவிடலாமா என்பதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். நாலாம் மாதத்தில் தொழிலை விடாதீர்கள். ஆனால் தடுப்பூசிக்குக் காசு தர மாட்டேன், ஊசி டப்பா நிறைந்தாலும் மாற்ற மாட்டேன் என்கிற லேபாக இருந்தால் அந்த லேபை விட்டுவிடுங்கள். சம்பளம் குறைவு என்று நீங்கள் சொல்வது நியாயம். சேவை அது இது என்று சொல்லி அதை மறைக்க நான் வரவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இங்கே கிடைக்கிற அனுபவம் எங்கே போனாலும் கூடவே வரும். கல்யாண விஷயத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டில் சர்க்கரை இல்லாத பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா என்று அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டி மறுபடி வருவார். சர்க்கரைக்காரர் என்றால் மூன்று மாதச் சராசரி பார்க்க எழுதியிருப்பார்கள். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் வந்த கணக்கு அது. அந்தச் சோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. முதல் பஸ்ஸில் ஓடிவர வேண்டாம், கஞ்சி குடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நம்பர் ரிஜிஸ்டரில் இருக்கும். வந்தால் எந்தக் கையில் கிடைத்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.