அவுட்பேக்குக்கு எந்த டயர்? கம்லூப்ஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் கனடாவின் கம்லூப்ஸுக்கு வந்து, 2021 சுபாரு அவுட்பேக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வண்டியில் இருப்பது 18 அங்குல ரிம். கோடையில் காட்டுச் சாலை வழியே ஏரிக்கரைகளுக்குப் போய்க் கூடாரம் போட ஆசை. கூட வேலை செய்பவர் ஒருவர், இன்னும் பெரிய ரிம்மும் முரட்டு டயரும் போடச் சொல்கிறார். எந்த அளவு வாங்குவது, அதே டயர் பனிக்கும் போதுமா என்பது உங்கள் கேள்வி.

ரிம்மைப் பெரிதாக்காதீர்கள். முடிந்தால் 17க்கு இறங்குங்கள்.

காரணம் டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் டயரில் 225/60 ஆர்18 என்று இருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்றால், ரிம்முக்கு வெளியே நிற்கும் ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 135 மி.மீ. இதே வண்டிக்கு 17 அங்குல ரிம்மில் வரும் அளவு 225/65 ஆர்17. அதில் ரப்பர் உயரம் 146 மி.மீ. மொத்த விட்டத்தைக் கணக்குப் போட்டால் முதலாவது 727, இரண்டாவது 724. ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்பீடோமீட்டரும் கியரும் வித்தியாசத்தை உணராது. ஆனால் கூரான கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் உங்களுக்கு 11 மி.மீ. ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டும்போது அந்த உயரம்தான் வளைந்து கொடுத்து கல்லை விழுங்கும். சுபாருவே கரடுமுரடான பாதைக்கென்று 2022 மாடலில் அவுட்பேக் வில்டர்னெஸ் கொண்டுவந்தபோது, தரையிலிருந்து உயரத்தை 220 மி.மீ.யிலிருந்து 241க்கு ஏற்றினார்கள். டயர் அளவு மட்டும் அதே 225/65 ஆர்17தான். 

நான் இதைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டேன். இங்கே வந்த நான்காவது கோடையில், கிளியர்வாட்டருக்கு வடக்கே ஒரு காட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். 18 அங்குல ரிம், தார்ச்சாலைக்கான டயர், தார்ச்சாலைக்கான காற்று. ஒரு கல் டயரின் பக்கவாட்டைக் கத்தி போலக் கிழித்துவிட்டது. நடுவில் பஞ்சர் என்றால் நாமே அடைக்கலாம், பக்கவாட்டில் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். உள்ளே இருந்த ஸ்டெப்னியோ ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. போனில் சிக்னல் இல்லை, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். 40 கிலோமீட்டர் சரளையில் அந்த ஒல்லி டயரோடு ஊர்ந்து வந்த அன்று நான் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறுதான் அதிகச் செலவு வைத்தது. போய் நின்ற டயர் கடையில் ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அது ஆகாது. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள், உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலே சுற்றளவில் 6 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். சிறிய டயர் வேகமாகச் சுற்றும், பெரியது மெதுவாகச் சுற்றும். அந்த முரண்பாட்டை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் தாங்க வேண்டும், சூடேறித் தேயும். சில மாதத்தில், வண்டியை நிறுத்துமிடத்தில் ஒடித்துத் திருப்பும்போது இழுத்து இழுத்துப் போக ஆரம்பித்தது. நான்கையும் ஒரே அளவில், ஒரே கம்பெனியில், ஒரே மாடலில் சேர்த்து வாங்குங்கள். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிப் போடுங்கள், நான்கும் சமமாகத் தேயும்.

சரி, இன்னும் பெரிய டயர் போட்டால் வண்டி உயருமே என்று அந்த நண்பர் சொல்வார். எவ்வளவு உயரும் என்று பாருங்கள். 235/65 ஆர்17 போட்டால் விட்டம் 737. அதாவது 13 மி.மீ. கூடுதல், வண்டி ஏறுவது அதில் பாதி, ஆறரை மி.மீ. 245/65க்குப் போனால் விட்டம் 750 ஆகும், வண்டி ஏறுவது 13 மி.மீ. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசலாம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். கோகஹால்லா மலைச்சாலை ஏற்றத்தில் சாமானோடு ஏறும்போது, உங்கள் வண்டியின் சிவிடி என்ற படியில்லாத தானியங்கி கியர்பாக்ஸ் கூடுதலாகத் திணறும். 235/65 வரை போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் தேவைக்கு அதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் போகப்போகும் ஏரிப் பாதைகளில் வண்டி நிற்பது உயரம் போதாமல் அல்ல, டயர் கிழிந்துதான்.

டயர் வகையில் ஆல் டெரெயின் எடுங்கள், தாரிலும் சரளையிலும் ஓடுவதற்கான வகை அது. மட் டெரெயின் சேற்றுக்கானது. ஈரத் தாரில் வழுக்கும், இரைச்சல் தாங்காது. ஆல் டெரெயினிலும் இரண்டு விதம் உண்டு. முன்னால் எல்டி என்று போட்டிருந்தால் அது பாரவண்டி டயர். தடிமனாக, கனமாக இருக்கும். அதே எடையைச் சுமக்கக் கூடுதல் காற்று கேட்கும், பிரேக் தூரமும் பெட்ரோலும் கூடும். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வரும் வேகனுக்கு எல்டி இல்லாத வகையே போதும். ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி டிரெயில், யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 போன்றவை இந்த வகை. வாங்கும்போது எடைக் குறியீடு 102க்குக் குறையாமல் இருக்கட்டும். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். கூரையில் கூடாரம் கட்டிப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

இப்போது பனி. நம் ஊரில் டயர் என்றால் ஆண்டு முழுக்க ஒன்றுதான், அதனால் இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோகஹால்லா போன்ற மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்தோ, மலைக்குள் பனித்துகள் படமோ டயரில் இருக்க வேண்டும்; பட்டன் ஆழம் குறைந்தது 3.5 மி.மீ. நான் மேலே சொன்ன இரண்டு ஆல் டெரெயினிலும் அந்த மலைப்படம் உண்டு, ஆக சட்டப்படி போதும். ஆனால் அந்தப் படத்துக்கான சோதனை அழுந்திய பனியில் டயர் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. உறைந்த கண்ணாடி போன்ற ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது ரப்பர் மட்டும்தான். குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது.

அதனால் கையில் ஒரு செட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தம்பி, முதலில் குளிர்கால டயர் வாங்குங்கள். இருக்கிற 18 அங்குல ரிம்மிலேயே போடுங்கள். இந்த ஊரில் உங்களுக்கு இது முதல் பனி, ஐஸில் வண்டி வழுக்கும்போது என்ன செய்வது என்று கைக்கு இன்னும் பழகவில்லை. ஏரி எங்கேயும் போகாது. வசந்தத்தில் பழைய 17 அங்குல ரிம் நான்கு தேடி, அதில் ஆல் டெரெயினைப் போடலாம்.

பழைய ரிம் வாங்கும்போது கவனம். உங்கள் வண்டிக்கு ஐந்து நட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., நடுத்துளை 56.1 மி.மீ. 2014 வரை வந்த அவுட்பேக்குகளில் வட்டம் 100 மி.மீ.; சுபாரு ரிம்தானே என்று நம்பி வாங்கினால் பொருந்தாது. வெளியே துருத்தி நிற்கும் ரிம்மும் வேண்டாம், சேற்றை வண்டி முழுக்க அடிக்கும், பேரிங்குக்கும் பாரம். டயரின் வயதையும் பாருங்கள்: டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண் 3523 என்றால், 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.

சரளையில் இறங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, காற்றை 26, 28 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். வேகத்தையும் குறைக்க வேண்டும். தாருக்குத் திரும்பியதும், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடுங்கள். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஒன்றும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வண்டியிலேயே கிடக்கட்டும். தூரமான ஏரி என்றால் முழு அளவு ஸ்டெப்னி ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். பழைய ரிம் தேடும்போது நான்கோடு ஐந்தாவதாக ஒன்றையும் வாங்கினால் அதற்கு உதவும். மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அந்தச் சாலை அவர்களுக்காகப் போட்டது.

ரிம் மாற்றி 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும். அளவு காட்டும் ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. நானும் இதே ஊர்தான், ஒரு சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.