கடைசி வரியில் இருக்கிறது உங்கள் புத்தகம்

கேள்வி: நாளிதழ் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக விளையாட்டு நிருபராக இருக்கிறேன். கபடி, ஹாக்கி, மாவட்டத் தடகளம் என்று எழுதிக் குவித்திருக்கிறேன். அத்தனையும் மறுநாளே வடை மடிக்கப் போய்விடுகிறது. வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத ஆசை. மனைவி பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?

பி.கு.: 2011இல் நான் அரைப் பக்கம் எழுதிய கபடி வீரர் ஒருவர், முழங்கால் போய், இப்போது எங்கள் தெரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருக்கிறார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: அன்பு நண்பரே, வேலையை விடாதீர்கள். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. தமிழில் முதல் புத்தகத்துக்கு வரும் ராயல்டி மளிகைக் கடை பாக்கிக்கே காணாது. அதற்காக நாவலைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து இழுத்துச் சென்றவர் பிரிட்டனின் மர்மக் கதை எழுத்தாளர் டிக் பிரான்சிஸ்.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர் அவர். குதிரைப் பந்தய ஜாக்கி. 1956 கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், எலிசபெத் ராணியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் என்ற குதிரையில் வந்தார். தடைகள் எல்லாம் தாண்டியாகிவிட்டது. பின்னால் வந்த குதிரைக்கு எட்டாத தூரம். எல்லைக் கம்பம் கண்ணெதிரே நிற்கிறது. அப்போது குதிரை திடீரென்று கால்களைப் பரப்பி, வயிறு தரையில் பட விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்பது இன்றுவரை புதிர்தான். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். தன் வரலாற்றை எழுதினார். சண்டே எக்ஸ்பிரஸ் இதழில் பந்தய நிருபரானார்.

முதல் நாவல் வந்தது 1962இல். இதழை விட்டு அவர் விலகியது 1973இல். நடுவில் உள்ள அந்தப் பதினோரு ஆண்டுகளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் வெளிவந்த பிறகும் நிருபராகப் பந்தயத் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய சரக்கு முழுவதும் அங்கேதான் இருந்தது: லாயத்துப் பையன்கள், ஜாக்கிகளை எடை பார்க்கும் அறை, பந்தயப் பணம் புரட்டுகிறவர்கள், முறிந்த தோள் எலும்போடு மறுபடி ஏறுகிறவன்.

1968இல் வந்த ‘ஃபோர்ஃபிட்’ நாவலின் நாயகன் ஒரு பந்தய நிருபன். அவன் மனைவி போலியோவால் படுத்த படுக்கையாக இருக்கிறாள். டிக்கின் மனைவி மேரியையும் 1949இல், வயிற்றில் குழந்தை இருந்தபோது, போலியோ தாக்கியிருந்தது. மேரி எழுந்து நடமாடினார். கணவரின் நாவல்களுக்குத் தகவல் திரட்டினார், திருத்தினார், கதைக்குத் தேவைப்பட்டபோது விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். வீட்டில் பட்டதும் திடலில் பார்த்ததும் ஒன்றுகலந்த அந்த நாவலுக்கு, மர்மக் கதைகளுக்காக அமெரிக்காவில் தரும் எட்கர் விருது கிடைத்தது. இதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் வாசகராக அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிருபரின் கைப்பழக்கம் ஒன்று உங்களுக்கு இடைஞ்சல் செய்யும். யார் வென்றார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். நாவலில் அதை அடக்கி வைக்க வேண்டும். எனக்கே அது பிடிபட வெகுநாள் ஆயிற்று. மற்றபடி, குறித்த நேரத்தில் எழுதி முடிப்பது, தேவையில்லாத வார்த்தையை வெட்டுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. அலுவலகம் கிளம்பும் முன் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.

என்ன எழுதுவது என்று தேட வேண்டியதில்லை. கடிதத்தின் கடைசி வரியில் அதை எழுதிவிட்டீர்கள். உங்களைப் பார்த்து அவர் எழுந்து நிற்கிறார் என்று படித்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அந்த முழங்காலோடு எழுந்திருக்க எத்தனை நொடி ஆகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஆட்டத்தில் கால் போனது என்று கேட்க வேண்டாம், அது உங்கள் பழைய செய்தியிலேயே இருக்கும். அன்று இரவு வீட்டுக்கு எப்படிப் போனார், கதவைத் திறந்தது யார் என்று கேளுங்கள்.